உலக ஏற்றுமதி இறக்குமதித் தரவை வைத்து நம் பொருளுக்கு எந்த நாட்டில் சந்தை என்று கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஆனால் அதை நம்பி ஒன்பது மாதம் தப்பான நாட்டின் பின்னால் அலைந்தவன் நான், அதனால் கொஞ்சம் எரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

நீங்கள் இந்நேரம் டிரேட் மேப் என்ற உலக வர்த்தகத் தரவுத் தளத்தில் ஹெச்எஸ் கோடு, அதாவது பொருளுக்கான சுங்க எண்ணைப் போட்டு, அதிகம் இறக்குமதி செய்யும் நாடுகளை எக்செலில் இறக்கியிருப்பீர்கள். நானும் அதைத்தான் செய்தேன். பொள்ளாச்சிப் பக்கம் எங்களுக்குச் சின்ன மஞ்சி (தேங்காய் நார்) மில், கூடவே செடி வளர்க்க உதவும் நார்த்தூளை அழுத்தி 5 கிலோ கோகோபீட் பிளாக்கும் போடுகிறோம். எங்கள் சரக்குக்கான எண் 530500 என்று அடித்துப் பார்த்தேன். பிரிட்டன் வாங்கிய தொகையை டன்னால் வகுத்தால் நாங்கள் விற்கும் விலையைப் போலப் பல மடங்கு வந்தது, அன்று ராத்திரி தூக்கமே இல்லை. யார் அனுப்புகிறார்கள் என்று பார்த்தால் பிலிப்பைன்ஸ். அங்கேயும் தென்னைதானே, அவனால் முடிகிறது, நம்மால் முடியாதா என்று நினைத்துவிட்டேன். மெயில், கூரியரில் சாம்பிள், உப்பு அளவைக் காட்டும் ஈசி டெஸ்ட் ரிப்போர்ட் என்று செலவு ஓடியது. கடைசியில் ஒரு பேப்பர் மில்லில் இருந்து பதில் வந்தது: நாங்கள் டீ பேக் காகிதம் செய்கிறவர்கள், செடி வளர்க்கும் பொருள் எங்களுக்கு எதற்கு?

பிலிப்பைன்ஸ் அனுப்பியது அபாகா, வாழை இனத்து நார். 2007இல் இருந்து அந்த ஆறு இலக்கத்துக்குள் தேங்காய் நார், அபாகா, ராமி என்ற இன்னொரு செடி நார் எல்லாம் ஒரே மூட்டை. ஆறு இலக்கம் வரைதான் உலகத்துக்கே பொது, அதற்கு மேல் ஒவ்வொரு நாடும் தன் வசதிக்குப் பிரித்துக்கொள்ளும். இந்தியாவின் எட்டு இலக்கத்தில் 53050040 என்றால் கோகோபீட் மட்டும். வணிக அமைச்சகத்தின் ஏற்றுமதி டேட்டா பேங்கில் அதைப் போட்ட பிறகுதான் அமெரிக்கா, சீனா, நெதர்லாந்து, தென் கொரியா என்று எங்கள் சரக்கு நிஜமாகப் போகும் இடங்கள் தெரிந்தன. அதிலும் நெதர்லாந்தைப் பார்த்து மயங்க வேண்டாம், அங்குள்ள ராட்டர்டாம் துறைமுகத்தில் இறங்குவதெல்லாம் அந்த நாட்டிலேயே நிற்பதில்லை.

எம்பிஏ படித்த தம்பிகள் சண்டைக்கு வர வேண்டாம், டேட்டா பொய் என்று நான் சொல்லவில்லை. படிக்கத் தெரியாதது என் தப்பு. இன்னொரு விஷயம், ஐரோப்பிய நாடுகள் காட்டும் இறக்குமதி மதிப்பில் கப்பல் வாடகையும் சேர்ந்திருக்கும், நம் ஏற்றுமதிக் கணக்கில் இருக்காது. 2021இல் கண்டெய்னர் வாடகை எகிறியபோது அங்கே விலை ஏறிவிட்டது என்று சந்தோஷப்பட்ட ஆளை எனக்குத் தெரியும். அவர் கைக்கு வந்தது பழைய விலைதான்.

அப்புறம் இந்த ஏற்றுமதிப் பயிற்சி வகுப்புக்காரர்கள். ஒருவர் என்னிடம் பையர் லிஸ்ட் (வெளிநாட்டில் வாங்குபவர்கள் பட்டியல்) என்று ஒரு எக்செல் ஷீட்டை நல்ல விலைக்குத் தள்ளினார், பாதி மெயில் திரும்பி வந்தது. நம் சுங்கத்தில் தனி ஆள் தாக்கல் செய்த விவரத்தை வெளியிடுவது 2022இல் இருந்து குற்றம், சுங்கச் சட்டம் 135ஏஏ. அப்படியானால் இந்த லிஸ்ட் எப்படி வந்தது என்று கேட்டதும் அவர் போனையே எடுப்பதில்லை. சரி, அது வேறு கதை.

உங்கள் பொருள் என்னவென்று கேள்வியில் சொல்லவேயில்லையே. முருங்கைப் பொடி என்றால் சிரமம், அதற்குத் தனியாக ஆறு இலக்க எண்ணே கிடையாது.