1965-க்கு முந்தைய ஃபெண்டர் கிட்டாருக்கு மட்டும் ஏன் அவ்வளவு விலை?

'ப்ரீ-சிபிஎஸ்' என்றால் 1965 ஜனவரிக்கு முன் செய்த ஃபெண்டர் கிட்டார், ஆம்ப்ளிஃபயர்கள். அந்த மாதம்தான் உடல்நலம் குன்றியிருந்த லியோ ஃபெண்டர் தன் கம்பெனியை 1.3 கோடி டாலருக்குச் சிபிஎஸ் ஒளிபரப்பு நிறுவனத்திடம் விற்றார்.

பேர்போன மெஸ்ஸை வேறொருவர் வாங்கி, அதே போர்டை மாட்டிக்கொண்டு மசாலாவில் சிக்கனம் பிடித்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் நடந்தது. மாற்றங்கள் ஒரே நாளில் வரவில்லை. 1960-களின் கடைசியில் தடித்த பாலியெஸ்டர் பூச்சு வந்தது. 1971-இல் ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற கிட்டாரின் கழுத்தை உடலோடு பிடித்திருந்த நான்கு திருகுகள் மூன்றாகின. மூன்று திருகே போதும்தான். ஆனால் மரத்தைத் துல்லியமாக வெட்டாததால் பல கிட்டார்களில் கழுத்து பக்கவாட்டில் அசைந்தது. வாசிப்பவருக்கு இதைவிட எரிச்சல் வேறில்லை!

1985-இல் ஊழியர்கள் குழுவொன்று ஃபெண்டரை வாங்கியபோது கொடுத்தது 1.25 கோடி டாலர். இருபது வருடம் கழித்து, வாங்கிய விலைகூடத் தேறவில்லை. நல்ல காலத்துச் சரக்கு புதிதாக வராது என்பதால் பழையதன் மதிப்பு ஏறிக்கொண்டே போனது.

அதற்காக, சிபிஎஸ் காலத்தில் வந்ததெல்லாம் மோசம் என்று ஒதுக்கிவிட வேண்டாம்: வெள்ளி நிற முகப்புள்ள டீலக்ஸ் ரிவெர்ப் ஆம்ப்பின் உள்சுற்று, முந்தைய கறுப்பு முகப்பு ஆம்ப்பிலிருந்து பெரிதாக மாறவில்லை, விலையோ குறைவு.