மதுரையைச் சுற்றி இவ்வளவு பிளாட் இருந்தும் வீட்டு விலை ஏன் இறங்கவில்லை?

"ஊரைச் சுற்றிலும் கல் ஊன்றிப் பிளாட் போட்டிருக்கிறார்களே, பிறகு ஏன் மதுரையில் வீட்டு விலையும் வாடகையும் இறங்கவில்லை?" என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரைப் புறநகரான ஆனையூர்ப் பக்கம் மனை வாங்கி, வீடு கட்டி, பன்னிரண்டு ஆண்டுகளாகக் குடியிருப்பவன் என்ற முறையில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

கல் ஊன்றிய மனை வேறு, குடியிருக்கத் தக்க வீடு வேறு. எங்கள் தெருவில் மனைகள் 26, வீடுகள் 9. மற்றவற்றில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அவற்றை வாங்கியவர்கள், மகள் கல்யாணத்துக்கு உதவும் என்று நகை சேர்ப்பதைப் போல மனையைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காலிமனைக்கு வரி உண்டு என்றாலும், நிலத்தின் விலை ஏறுகிற வேகத்துக்கு முன்னால் அது உறைக்கிற தொகையாக இல்லாதபோது, விற்கவோ கட்டவோ யார் அவசரப்படுவார்கள்?

வாங்குபவர் நிலைமை நேர்மாறானது. அப்போது மதுரை மத்தியத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்த பழனிவேல் தியாகராஜன், தமிழக நிதியமைச்சர் என்ற முறையில், 2023 மார்ச் நிதிநிலை அறிக்கையில் பத்திரப் பதிவுக் கட்டணத்தை 4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைத்தார். அதன் பிறகும் முத்திரைத் தீர்வை 5, சொத்து மாற்று வரி 2, பதிவுக் கட்டணம் 2 என மொத்தம் 9 சதவீதம் ஆகிறது. 30 லட்சம் ரூபாய்ப் பத்திரத்துக்கு இது 2,70,000 ரூபாய். உள்ளாட்சிக்கு உரியது இதில் சொத்து மாற்று வரியான 60,000 மட்டுமே, அதுவும் ஒரே ஒரு முறை. குடியேற வருபவரிடம் கனமாக வாங்கிக்கொண்டு, சும்மா வைத்திருப்பவரை லேசாக விட்டுவிடுகிறோம். விலை இறங்காமல் இருப்பதற்கு இதை முக்கியமான காரணமாக நினைக்கிறேன்.

நகரின் நடுவில் வீடுகளைக் கூட்டவும் வழி குறைவு. மீனாட்சியம்மன் கோயில் மதிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழுப்ப 1997 அரசாணை தடை விதிக்கிறது. கோபுரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அங்கே உயரமாகக் கட்டுவதை விட்டுக்கொடுத்தால், புதிய வீடுகளின் பாரத்தைப் புறநகர்தான் தாங்க வேண்டும்.

அந்தப் புறநகருக்குத்தான் பணம் போதவில்லை. 2011இல் ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் உள்ளிட்ட பகுதிகள் சேர்ந்து, ஏறத்தாழ 52 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 148 ஆக விரிந்தது. குழாயும் சாக்கடையும் மீட்டர் கணக்கில் போடப்படுபவை. 9 வீடுகள் இருந்தாலும் 26 இருந்தாலும் எங்கள் தெருவுக்கு ஒரே நீளம்தான் வேண்டும். வீட்டு வரியோ 9 வீடுகளிலிருந்துதான் வருகிறது. எங்களுக்கு இன்றுவரை கழிவுநீர் லாரிதான். இதே தெருவில் மனை வைத்திருக்கும் என் தம்பியைக் கட்டச் சொன்னால், "பாதாளச் சாக்கடை வரட்டும், கட்டுறேண்ணே" என்கிறான். வீடு வராததால் வரி வரவில்லை, வரி வராததால் சாக்கடை வரவில்லை, சாக்கடை வராததால் வீடு வரவில்லை.

பதிவுச் செலவை இன்னும் குறைத்து, சாலையும் குடிநீரும் வந்துவிட்ட தெருக்களில் காலிமனை வரியை ஆண்டுக்கு ஆண்டு உயர்த்தி, அந்தத் தொகையை அதே வார்டின் குழாய்களுக்கே செலவிட வேண்டும் என்பது என் கருத்து. சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரே ஒரு மனை வாங்கியவருக்கு, வீடு கட்டப் பணம் திரட்ட ஐந்து ஆண்டுகளாவது விலக்கு தர வேண்டும். நானும் அப்படித்தான் கட்டினேன்.