நீதிபதிக்கு முறுக்கு அனுப்பலாமா?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, நான் சிவில் வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர், வயது 31. சில வருடங்களுக்கு முன் சீனியர் துணையில்லாமல் முதன்முறையாக உயர் நீதிமன்றத்தில் ஒரு மேல்முறையீட்டுக்கு நின்றேன். பதற்றத்தில் பண்டிலில் (வழக்கு ஆவணத் தொகுப்பில்) பக்கம் கிடைக்காமல் திணறியபோது நீதிபதி, "அவசரமில்லை, தேடி எடுங்கள்" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தார். வழக்கில் தோற்றேன். ஆனால் தீர்ப்பில் என் வாதத்தை நான் சொன்னதைவிடத் தெளிவாக எழுதி, அதற்கு அப்புறம்தான் அது ஏன் நிற்காது என்று விளக்கியிருந்தார். அன்றிலிருந்து அவர் எழுதிய எந்தத் தீர்ப்பையும் நான் விட்டதில்லை. கணவர் "உன் சாமி" என்று கிண்டல் செய்கிறார். தோழி ஒருத்தி, இது வேறு மாதிரி போகிறதோ என்கிறாள். அடுத்த வருடம் நீதிபதிக்கு 65 ஆகிறது. இந்தத் தீபாவளிக்கு ஒரு நன்றிக் கடிதமும் அம்மா சுடும் முறுக்கும் அவர் அலுவலகத்துக்கு அனுப்ப ஆசை. ஆபீசில் தெரிந்தால் காக்கா பிடிக்கிறேன் என்பார்கள். அம்மாவோ, நல்லது செய்தவருக்கு நன்றி சொல்லாமல் இருப்பது பாவம் என்கிறார். என்னுடைய இன்னொரு வழக்கு அவரிடம் போகவும் வாய்ப்பு இருக்கிறது. என்ன செய்யட்டும்? – பெயர் வேண்டாம், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: முறுக்கை வீட்டிலேயே சாப்பிட்டுவிடுங்கள். கடிதத்தை எழுதுங்கள், ஆனால் இப்போது அனுப்பாதீர்கள்.

தோழியின் சந்தேகத்தை முதலில் முடித்துவிடுவோம். நீங்கள் எழுதியதில் அந்த மனிதரின் முகமோ குரலோ ஒரு இடத்தில்கூட வரவில்லை, வருவதெல்லாம் பண்டிலும் தீர்ப்பும்தான். காதலில் விழுந்தவர்கள் இப்படி எழுதுவதில்லை. கணவர் கிண்டல் செய்கிறார் என்றால் அவரும் கவலைப்படவில்லை என்று அர்த்தம், விடுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது, உங்களைத் தோற்கடித்தவரை நீங்கள் மதிப்பதுதான். ஜெயிக்க வைத்த நீதிபதியை யார்தான் புகழ மாட்டார்கள்? நானும் ஒரு காலத்தில் கறுப்புக் கோட் போட்டவள். கேஸ் ஜெயித்த அன்று நீதிபதி மனுநீதிச் சோழன், தோற்ற அன்று அவருக்கு ஃபைல் படிக்கவே தெரியாது, இப்படித்தான் மதியச் சாப்பாட்டு மேசையில் பேச்சு ஓடும். நீங்கள் அதிலிருந்து தப்பித்திருக்கிறீர்கள்.

ஆனால் அவர் செய்தது உங்களுக்கென்று செய்த தனிச் சலுகை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 2011-ல் தோங் ஆ ஃபாட் என்பவரின் குற்றவியல் வழக்கில் நம் மேல்முறையீட்டு நீதிமன்றம், நீதிபதிகள் ஏன் காரணம் எழுதித் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பதை விரிவாகவே பேசியிருக்கிறது. படித்திருப்பீர்கள். தோற்றவருக்குத் தான் ஏன் தோற்றோம் என்று தெரிய வேண்டும், மேலே போனால் அங்கே இருப்பவர்களுக்கும் அந்தத் தீர்ப்பைச் சரிபார்க்க வழி இருக்க வேண்டும். தோற்கிற பக்கத்தின் வாதத்தை அதன் முழு பலத்தோடு எழுதி, பிறகு அதற்குப் பதில் சொல்வது அந்தக் கடமையை ஒழுங்காகச் செய்கிறவரின் பழக்கம். அன்று உங்கள் இடத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் தோற்றிருந்தாலும், வக்கீலே இல்லாமல் தானே வாதாட வந்த யாரோ ஒரு கடைக்காரர் தோற்றிருந்தாலும் அவர் அதே கவனத்தோடுதான் எழுதியிருப்பார். இதைக் கேட்டு உங்களுக்குச் சப்பென்று ஆகுமானால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இன்னும் மதிப்புக் கூடினால், நீங்கள் சரியான காரணத்துக்காகத்தான் அவரை மதிக்கிறீர்கள்.

அம்மாவுக்கும் இதையே சொல்லுங்கள். "அவர் எனக்கு நல்லது செய்யவில்லைம்மா, அவர் வேலையை நன்றாகச் செய்தார்." அம்மா ஒத்துக்கொள்ள மாட்டார், அது வேறு விஷயம்.

சரி, ஒரு பெட்டி முறுக்கில் என்ன கெட்டுவிடப் போகிறது? யாரும் அதை லஞ்சம் என்று சொல்லப் போவதில்லை. ஆனால் வழக்கின் எதிர்த்தரப்பு ஆளாக ஒரு நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். சேமிப்பையெல்லாம் போட்டு வழக்கு நடத்துகிறார், தோற்றுவிடுகிறார், அப்புறம் யாரோ அவரிடம், அந்தப் பக்கத்து வக்கீலம்மா தீபாவளிக்கு நீதிபதிக்குப் பலகாரமும் பாராட்டுக் கடிதமும் அனுப்பியவராம் என்கிறார்கள். அவர் மனசு என்ன பாடுபடும்? ஒரு நீதிபதி பக்கச்சார்பாக இருப்பதுபோல் தோன்றுகிறதா என்று பார்க்க நம் நீதிமன்றங்கள் வைத்திருக்கும் அளவுகோலும் கிட்டத்தட்ட இதுதான். 2018-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மறுபடி உறுதிப்படுத்தியது: விவரம் தெரிந்த, நியாயமாக யோசிக்கிற ஒரு வெளியாளுக்கு நியாயமான சந்தேகம் வருமா? உங்கள் ஒரு கடிதத்தால் அந்த அளவுக்குப் போகும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை யாரோ ஒருவர் கேட்கும்படி செய்துவிட்டு, பதில் சொல்லும் சங்கடத்தை நீங்கள் மதிக்கும் மனிதர் தலையிலேயே கட்டுவது என்ன நன்றி? பெட்டியை வாங்கும் செயலாளர் அதைத் திருப்பி அனுப்பவேண்டி வரலாம். அதற்கு ஒரு விளக்கக் கடிதம் வேறு. வேண்டாம்மா.

இப்போது உங்கள் தொழில் பக்கம். நான் பயப்படுவது முறுக்கைப் பற்றி இல்லை, இதைப் பற்றித்தான். அவர் முன்னால் நிற்கும்போது அவருக்குப் பிடித்த மாதிரி பேசவேண்டும் என்று ஆசை வரும். அவர் நெற்றி சுருங்கினால், "சரி யுவர் ஆனர், இதை நான் வலியுறுத்தவில்லை" என்று வாய் தானாகச் சொல்லிவிடும், வலியுறுத்த வேண்டிய வாதமாக இருந்தாலும். பணம் கொடுத்த கட்சிக்காரருக்கு அவர் உங்கள் சாமி என்று தெரியாது. உங்களை நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். அவர் கொடுத்த ஒரு தீர்ப்பை, அதுவும் உங்களுக்கு ரொம்பப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொண்டு, அதை எதிர்த்து மேல்முறையீட்டுக் காரணங்கள் எழுதுங்கள். "கற்றறிந்த நீதிபதி இந்த இடத்தில் தவறினார்" என்று தொடங்கி, சும்மா பேருக்கு இல்லாமல் நிஜமாகவே குத்துகிற மாதிரி நாலு பாரா எழுத வருகிறதா? வந்தால் கவலை இல்லை. கை நடுங்கினால், அவர் கோர்ட்டில் நிற்பதற்கு முன் அந்த நடுக்கத்தைச் சரிசெய்ய வேண்டும்.

அதோடு, அவருடையதை மட்டும் படிப்பதை நிறுத்துங்கள். தீர்ப்புகள்தான் இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றனவே. உயர் நீதிமன்றத்தின் மேல்முறையீட்டுப் பிரிவோ மேல்முறையீட்டு நீதிமன்றமோ அவர் சொன்னதை மாற்றிய வழக்குகளைத் தேடிப் படியுங்கள். இருக்கும், எல்லா நல்ல நீதிபதிக்கும் இருக்கும். இரண்டு தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், அவர் எப்படி யோசிக்கிறார், எங்கே அந்த யோசனை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது என்பது தெரியும். சாமி கொஞ்சம் மனிதராகிவிடுவார். அது நல்லதுதான்.

கடிதம் எப்போது அனுப்பலாம்? அவருக்கு 65 ஆன மறுநாள் என்று நாள்காட்டியில் குறித்து வைத்திருப்பீர்கள், அங்கேதான் ஒரு சிக்கல். அரசியலமைப்புப்படி உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் (இங்கே உயர் நீதிமன்றமும் அதில் அடக்கம்) ஓய்வு வயது 65தான். ஆனால் அதற்குப் பிறகும் தொடரச் சொல்லி நியமனம் கொடுப்பதுண்டு. 2015 முதல் மூத்த நீதிபதி என்று தனிப் பதவியே இருக்கிறது. இங்கே முதல் பெண் உயர் நீதிமன்ற நீதிபதியான லாய் சியூ சியூ ஓய்வு பெற்ற பிறகு அப்படித்தான் திரும்பி வந்தார். அதுவும் இல்லையென்றால் ஓய்வுபெற்ற பலர் நடுவர் மன்றங்களில் உட்காருகிறார்கள், நாளைக்கே அந்த விசாரணைகள் நடக்கும் மேக்ஸ்வெல் சேம்பர்சில் மேசைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நீங்கள் என்று ஆகலாம். ஆகவே பிறந்தநாளைப் பார்க்காதீர்கள், அவர் முன்னால் நீங்களோ உங்கள் நிறுவனமோ நிற்கும் வாய்ப்பு இருக்கிறதா என்பதைப் பாருங்கள். அது இல்லையென்று ஆனதும் அனுப்புங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அந்த ஒரு நாளைப் பற்றி, அந்தப் பக்கம் தேடிய நிமிடத்தைப் பற்றி மட்டும் எழுதுங்கள். உங்களால்தான் நான் இன்று இப்படி இருக்கிறேன் என்ற வரியெல்லாம் வேண்டாம், ஒருமுறை காபி குடிக்கலாமா என்ற வரி வேண்டவே வேண்டாம். லிங்க்ட்இன்னில் போடும் எண்ணம் இருந்தால் அதை இப்போதே மறந்துவிடுங்கள், அதைத்தான் காக்கா பிடிப்பது என்பார்கள், சொன்னால் தப்பும் இல்லை.

கடைசியாக, அந்த இன்னொரு வழக்கு. அது அவரிடமே போனால் எதிர்த்தரப்புக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று உங்களுக்குக் கேள்வி வந்திருக்கும். ஒரு நீதிபதியின் தீர்ப்புகளை விரும்பிப் படிப்பதை யாருக்கும் அறிவிக்கத் தேவையில்லை. அப்படிப் பார்த்தால் பாதி பேர் எழுந்து நிற்க வேண்டியிருக்கும். கடிதம் போயிருந்தால்தான் அந்த யோசனையே வரும், நீங்கள் இன்னும் அனுப்பவில்லை. கணவர் அன்று கோர்ட்டுக்கு வந்து பின் வரிசையில் உட்கார்ந்து "சாமி"யைப் பார்க்க ஆசைப்பட்டால் மட்டும் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.