பழைய லேப்டாப்புக்குப் பொருந்தும் ஹார்டு டிஸ்க்கை எப்படித் தேர்ந்தெடுப்பது? அதே கம்பெனி டிஸ்க்தான் வாங்க வேண்டுமா?

2014-இல் வாங்கிய லேப்டாப், உள்ளே 500 ஜிபி ஹார்டு டிஸ்க், இப்போது 'டக் டக்' என்று சத்தம், இருப்பது பெங்களூரில் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சத்தம் கேட்டால் கடைக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. குழந்தைகளின் போட்டோ, சான்றிதழ் மாதிரி திரும்பக் கிடைக்காதவற்றை இன்றே வேறு இடத்தில் காப்பி செய்துவிடுங்கள். டிஸ்க் எந்த நிமிடமும் நின்றுபோகலாம். புதியதை நாளைக்கும் வாங்கிக்கொள்ளலாம்.

சரி, கேள்விக்கு வருகிறேன். அதே கம்பெனி தேவையில்லை. பெரும்பாலான லேப்டாப் கம்பெனிகள் ஹார்டு டிஸ்க்கைத் தாங்களே செய்வதில்லை. சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா போன்றவர்களிடம் வாங்கித்தான் பொருத்துகிறார்கள். பார்க்க வேண்டியது அளவும் கனெக்டரும்.

உங்கள் லேப்டாப்பின் வயதுக்கு அநேகமாக 2.5 அங்குல சாட்டா (டிஸ்க்கை லேப்டாப்புடன் இணைக்கும் கனெக்டர் வகை) டிஸ்க்தான் இருக்கும். பின்மூடியைத் திறந்து லேபிளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சாட்டா 1, 2, 3 என்ற வேக வித்தியாசத்தை நினைத்துக் குழம்ப வேண்டாம். புதியது பழைய மதர்போர்டிலும் ஓடும், வேகம் மட்டும் போர்டின் எல்லைக்குள் நிற்கும்.

பலர் தவறவிடுவது தடிமனைத்தான். லேப்டாப் டிஸ்க்குகள் பெரும்பாலும் 7 மி.மீ. அல்லது 9.5 மி.மீ. இருக்கும். 9.5 இடத்தில் 7 மி.மீ. டிஸ்க் சின்ன பிளாஸ்டிக் சட்டம் வைத்தால் ஆடாமல் உட்காரும். 7 இடத்தில் 9.5 போகவே போகாது. 4 டிபி வேண்டும் என்று ஆசைப்பட்டால், அந்தக் கொள்ளளவில் 2.5 அங்குல ஹார்டு டிஸ்க் 15 மி.மீ. தடிமனில் வருகிறது, லேப்டாப்புக்குள் நுழையாது. விலை குறைவு என்று எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி உடைத்துப் போடலாம் என்றும் யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். அவற்றில் பலவற்றில் யூஎஸ்பி இணைப்பு டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், சாட்டா முனையே இருக்காது.

என் அழுத்தமான யோசனை: மறுபடியும் சுழலும் டிஸ்க் வேண்டாம், 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகமே இல்லாமல் சிப்பில் சேமிப்பது) வாங்குங்கள். இவை பெரும்பாலும் 7 மி.மீ.தான். நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் டிஸ்க் நொடிக்குச் சுமார் 100 எம்பி தரும் இடத்தில், சாட்டா 3 போர்டில் எஸ்எஸ்டி 500 எம்பியைத் தாண்டும். சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடிப் படிப்பதில் வித்தியாசம் இதைவிடப் பெரியது. விண்டோஸ் திறக்கும்போதே தெரிந்துவிடும். கடைக்காரர் நீளமான குச்சி மாதிரி எம்.2 எஸ்எஸ்டியை நீட்டினால், உங்கள் போர்டில் அதற்கு இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள். இடம் இருந்தாலும் சில ஸ்லாட் எம்.2 சாட்டாவை மட்டும் ஏற்கும், என்விஎம்இ என்ற வேகமான வகை வேலை செய்யாது.

வாங்க பெங்களூரின் கம்ப்யூட்டர் கடைத்தெருவான எஸ்.பி. ரோடு போதும். அந்தக் குறுகலான தெருவில் பழைய டிஸ்க்கும் புதியதும் பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் கிடைக்கும். அதனால் சீல் உடையாத பெட்டி, சீரியல் நம்பர் எழுதிய ஜிஎஸ்டி பில் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். அந்த நம்பரைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டு வாரண்டி இருக்கிறதா என்று அங்கேயே மொபைலில் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று தெரியும். புதியது என்று தந்தது ஆயிரக்கணக்கில் மணி காட்டினால் உடனே திருப்பிக் கொடுங்கள்.

அப்புறம், பழைய டிஸ்க்கைச் சுற்றியுள்ள இரும்புச் சட்டத்தையும் திருகுகளையும் கழற்றிப் பத்திரமாக வையுங்கள். புதிய டிஸ்க்குடன் அவை வராது, சில மாடல்களுக்குத் தனியாகத் தேடினாலும் கிடைப்பதில்லை. சத்தம் போடும் டிஸ்க்கை அப்படியே குளோன் செய்ய (முழுதாக நகலெடுக்க) முயலாமல், விண்டோஸைப் புதிதாக நிறுவிவிட்டு ஃபைல்களை மட்டும் கொண்டுவாருங்கள்.