வன்னியின் மழைத் தரவை வரைபாக்கினால் காலநிலை மாற்றம் தெரியுமா?

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னிப் பகுதியின் முப்பது ஆண்டுகளின் நாளாந்த மழைவீழ்ச்சிப் பதிவு கையில் இருக்கிறது, அதை எப்படி வரைவது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஆண்டை ஜனவரியில் தொடங்காதீர்கள். வன்னிக்கு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரை, வடகீழ்ப் பருவக்காற்றோடும் வங்காள விரிகுடாத் தாழமுக்கங்களோடும் வருவதால், நாட்காட்டி ஆண்டு ஒரே பெரும்போகத்தின் (மாரிகால நெற்செய்கைப் பருவத்தின்) மழையை இரண்டாக வெட்டிவிடும். ஒக்டோபர் முதல் செப்டெம்பர் வரை கணக்கிடுவதே பொருத்தம்.

ஆண்டு மொத்தத்தைச் சலாகை வரைபாக்கி (bar chart), 1991–2020 சராசரியிலிருந்து விலகலைக் காட்டலாம். ஆனால் மொத்தம் மட்டும் ஏமாற்றும். வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் கூடும்போது வளி ஏறத்தாழ 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கக்கூடியது என்பதால், மாற்றம் பெரும்பாலும் மழையின் செறிவிலேயே முதலில் தென்படும். 2018 டிசெம்பரில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் மூழ்கடித்த வெள்ளம் சில நாள் மழையின் விளைவு என்பதை ஆண்டுச் சலாகை ஒருபோதும் சொல்லாது. ஆகவே ஒவ்வோர் ஆண்டிலும் மிகக் கூடிய ஒருநாள் மழை, மழை நாள்களின் எண்ணிக்கை, மிக நீண்ட வறள் இடைவெளி ஆகிய மூன்றையும் தனித்தனியே வரையுங்கள்.

போர் ஆண்டுகளில் பதிவு விடுபட்டிருந்தால் அவ்விடத்தை வெறுமையாகவே விடுங்கள். அங்கே பூச்சியம் இட்டால் இல்லாத வரட்சி ஒன்று வரைபில் முளைத்துவிடும்.