சின்னாறு காட்டுக்கு விதைப்பந்து வேண்டாம்

அன்புள்ள அண்ணனுக்கு,

போன வாரம் நண்பர்களோடு உடுமலையிலிருந்து மூணாறு போனோம். சின்னாறு செக்போஸ்ட் தாண்டியாச்சு, இனி கேரளா, எல்லாம் பச்சையாக இருக்கும் என்று பார்த்தால் மறையூர் நெருங்கும் வரைக்கும் முள்ளும் கள்ளியும் காய்ந்த புல்லும்தான். மிருகம் என்று கண்ணில் பட்டது குரங்குக் கூட்டமும் பாலத்துப் பக்கம் ஒரு பெரிய அணிலும். காட்டை இப்படி அழிய விட்டுவிட்டார்களே என்று இருந்தது. எங்கள் குழுவில் மழைக்கு முன்னால் புங்கன், வேம்பு, நாவல் விதைகளை வைத்து விதைப்பந்து செய்கிறோம். இந்த வருஷம் அந்தச் சரிவுகளில் வண்டியிலிருந்தே வீசிக்கொண்டு போகலாம் என்று திட்டம். நீங்கள் மறையூர்க்காரர் என்பதால் கேட்கிறேன், எந்த இடத்தில் வீசினால் பிடிக்கும்?

ஒரு வாசகர்,
உடுமலைப்பேட்டை

அன்புள்ள தம்பி,

எந்த இடத்திலும் வீச வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு. அது சரணாலயம், 1984-இல் அறிவித்தது, சுமார் 90 சதுர கிலோமீட்டர். அனுமதி இல்லாமல் சாலையை விட்டு இறங்கவே கூடாது, வெளியிலிருந்து விதை கொண்டுவந்து போடுவது அதற்கும் மேல். ஆனால் சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். நீங்கள் பார்த்த காடு அழிந்துபோன காடு என்று நினைக்கிறீர்களே, அதைத்தான் பேச வேண்டும்.

கேரளா என்றாலே பச்சை என்று சுற்றுலா விளம்பரங்கள் நம்மைப் பழக்கி வைத்திருக்கின்றன. மேற்கே ஆனைமுடியும் இரவிகுளத்து மேடுகளும் 2000 மீட்டருக்கு மேல் சுவர் மாதிரி நிற்கின்றன. தென்மேற்குப் பருவமழை முழுவதையும் அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிட்டுத்தான் மேகம் இங்கே எட்டிப் பார்க்கிறது. மூணாறு பக்கம் வருஷத்துக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது, அங்கிருந்து இரண்டு மணி நேரம் கீழே வந்தால் சின்னாறில் 500 மில்லிமீட்டர் அளவுதான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில், உங்கள் ஊருக்குப் பெய்கிற அதே வடகிழக்கு மழை. மழைக்கு மாநில எல்லை தெரியாது இல்லையா. செக்போஸ்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே காடுதான்.

இவ்வளவு குறைந்த மழைக்கு ஏற்ற மரங்கள்தான் அந்தச் சரிவில் நிற்கின்றன: உசில், கிளுவை, உடைமரம், சதுரக்கள்ளி. கோடையில் இலையை உதிர்த்துவிட்டு, இருக்கிற ஈரத்தைக் காப்பாற்றிக்கொண்டு அவை சும்மா நிற்கும். நீங்கள் போனது அப்போது. பார்க்கிறவனுக்குச் செத்த காடு. மழை விழுந்த பத்தாம் நாள் அதே சரிவைப் பார்த்தால் உங்கள் கடிதத்தை நீங்களே கிழித்துப் போட்டுவிடுவீர்கள்.

இந்த வெட்டவெளியை நம்பித்தான் நட்சத்திர ஆமை இருக்கிறது. ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரமாக விரியுமே, அது. புல்லும் சிறு பூண்டும் தின்று, புதருக்கடியில் வெயிலுக்கு ஒதுங்கி, மழைக்காலத்தில் அதிகமாக நடமாடும். கேரளத்தின் ஈரக்காடுகளில் நீங்கள் வருஷக்கணக்காகத் தேடினாலும் இது கிடைக்காது. பாறைச் சரிவுகளில் மஞ்சள் தொண்டைச் சின்னான் என்று ஒரு பறவை, அதுவும் இப்படிக் காய்ந்த பாறையும் புதருமான இடத்தை விட்டால் வேறு எங்கும் தங்காது. அந்த இடத்தில் வேம்பும் புங்கனும் அடர்ந்து நிழல் கட்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், முதலில் புல் போகும், பின்னாலேயே புல்லை நம்பியவையும் போகும். நல்லவேளையாக நீங்கள் வீசுவதில் பெரும்பாலானவை முளைத்தாலும் முதல் கோடையைத் தாண்டாது. ஏற்கெனவே உண்ணிச்செடி என்கிற வெளியூர்க் களை புகுந்து புதராக மண்டிக்கிடக்கிற காடு, அதற்குக் கூடுதலாக நம் பங்கும் வேண்டாம்.

அப்புறம் அந்த அணில். "ஒரு பெரிய அணில்" என்று எழுதிவிட்டுக் கடந்து போய்விட்டீர்கள், எனக்கு அதுதான் தாங்கவில்லை. பாலத்துப் பக்கம், பெரிய உருவம், நீண்ட வால், உடம்பு சாம்பல் நிறம் என்றால் நீங்கள் பார்த்தது சாம்பல் நிற அணில். ஸ்ரீவில்லிபுத்தூரில் இதன் பெயரிலேயே ஒரு சரணாலயம் இருக்கிறது. அதைப் பார்க்க அங்கே போய்க் காத்துக்கிடக்கிறார்கள். உங்களுக்குக் கார் கண்ணாடியை இறக்கினதும் கிடைத்திருக்கிறது! (செம்பழுப்பாக இருந்திருந்தால் மற்ற மலையணில். இந்தச் சரணாலயத்தில் இரண்டும் உண்டு, செம்பழுப்பு அணில் கொஞ்சம் ஈரமான பக்கத்தில்.)

சாம்பல் நிற அணில் முள்காட்டில் வாழாது. பாம்பாறும் சின்னாறும் ஓடுகிற கரையோரம் மட்டும் நீர்மருது, நாவல், மா, புங்கன் எல்லாம் உயர்ந்து நின்று ஒன்றோடொன்று கிளை கோத்திருக்கும் பாருங்கள், அந்த ஒல்லியான பட்டைதான் அதன் உலகம். முடிந்தவரை தரையில் இறங்காது, கிளைவிட்டுக் கிளை தாவியே போகும். கூட்டைக்கூட பக்கத்து மரத்தோடு கிளை சேர்கிற இடமாகப் பார்த்துத்தான் கட்டும், ஆபத்து வந்தால் எந்தப் பக்கமும் பாய்ந்துவிடலாம். இடையில் நாலு மரம் விழுந்தால் பாதை அறுந்தது. உங்கள் பந்துக்குள் இருக்கிற புங்கனும் நாவலும் ஆற்றங்கரைக்குச் சொந்தமானவை, அங்கே அவை தாமாகவே முளைத்துக்கொண்டிருக்கின்றன. சரிவில் அவற்றுக்கு வேலை இல்லை.

காய்ந்த மலையில் ஆறு எப்படி என்று கேட்பீர்கள். மேலே சோலைக்காடும் புல்வெளியும் பிடித்து வைத்திருக்கிற மழைதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வருகிறது. கேரளத்தின் 44 ஆறுகளில் கிழக்கே ஓடுபவை மூன்று: கபினி, பவானி, பாம்பாறு. பாம்பாறு சின்னாறோடு கலந்து நேராக அமராவதி அணைக்குப் போகிறது. உங்கள் பக்கத்து வாய்க்காலில் வருகிற தண்ணீர் இது, தம்பி. அணையில் முதலை பார்த்திருப்பீர்கள், அவை ஆற்று வழியாக மேலேயும் உண்டு, அதனால் குளிக்கிறேன் என்று எங்கேயும் இறங்காதீர்கள். எங்கள் மறையூர்க் கரும்பும் மேலிருந்து வருகிற ஓடைத் தண்ணீரில்தான் விளைகிறது. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய மறையூர்ச் சர்க்கரை என்கிற உருண்டை வெல்லம் அந்தக் கரும்பில் காய்ச்சுவது.

மரம் நட்டுக் கெடுத்த கதை வேண்டுமானால் வட்டவடை, காந்தளூர் பக்கம் போய்ப் பாருங்கள். யூகலிப்டஸ், ஊரில் கிராண்டிஸ் என்பார்கள். புல்வெளியிலும் வெள்ளைப்பூண்டு போட்டுக்கொண்டிருந்த நிலத்திலும் வரிசையாக ஏற்றிவிட்டார்கள். தூரத்திலிருந்து நல்ல பச்சை, போட்டோவுக்கு ஏற்றது. ஊற்று வற்றிப்போச்சு என்று அங்கே விவசாயம் செய்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இப்போது அதை வெட்டி எடுப்பதுதான் பெரிய பாடாக இருக்கிறது.

சந்தனத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கம்பிவேலி போட்ட மரங்களைப் பார்த்து "இதை மட்டும் நட்டு வளர்த்திருக்கிறார்கள்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். மறையூர்ச் சந்தனம் பெரும்பாலும் தானாக வந்தது. பழத்தைக் குயிலும் சின்னானும் தின்று விதையைப் போடும். முளைத்த கன்று பக்கத்துச் செடிகளின் வேரில் தன் வேரை ஒட்டி அங்கிருந்து உறிஞ்சிக்கொள்ளும். சுற்றிலும் புதரும் மற்ற மரமும் இருந்தால்தான் சந்தனம் நிற்கும். வேலி திருடனுக்காக.

சரி, உங்கள் குழுவுக்கு வேலை வேண்டும் என்றால், செக்போஸ்டிலிருந்து மறையூர் வரை சாலையோரத்தில் கிடக்கிற பிளாஸ்டிக் போதும். வனத்துறையில் கேட்டுவிட்டு வாருங்கள், நானும் வருகிறேன். காடு பார்க்க வேண்டும் என்றால் கார்த்திகை மழை நின்றபின் வந்து சரணாலயத்துக்குள் இருக்கிற ஆலாம்பெட்டியில் ஒரு வழிகாட்டியோடு நடங்கள். அங்கே கூட வருகிறவர்கள் முதுவர், மலைப்புலையர் என்கிற பழங்குடி மக்கள், அவர்களோடு தமிழில் பேசலாம். ஆமை போன தடத்தையும் அணில் கூட்டையும் அவர்கள் காட்டினால்தான் நமக்குத் தெரியும்.

செய்து வைத்திருக்கிற பந்துகளை உடைத்து விதையை எடுத்துப் பையில் கன்றாக்குங்கள். உங்கள் ஊர்க் குளக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் புங்கனும் நாவலும் நன்றாக வரும். இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அண்ணன், மறையூர்