கானாடுகாத்தான் வீட்டுக்குத் தரகர் சொன்ன விலை

கானாடுகாத்தானில் உள்ள உங்கள் பழைய செட்டிநாட்டு வீட்டுக்கு, "கட்டடம் பழசு, மனை விலைதான் தேறும்" என்று தரகர் சொன்னதை அப்படியே ஏற்காதீர்கள்.

அவர் வழிகாட்டி மதிப்பை வைத்துப் பேசியிருக்கலாம். அது முத்திரைத்தீர்வைக்கான கணக்கு, சந்தை விலை அல்ல. பதிவுத்துறை இணையதளத்தில் உங்கள் தெருவுக்குப் பாருங்கள். தரகர் சொன்ன விலையோடு ஒத்துப்போனால் விஷயம் புரிந்துவிடும்.

பிறகு வளவுத் (நடுமுற்றம்) தூண்கள், நிலைக்கதவுகள், உத்தரங்கள், தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் எல்லாவற்றையும் அளந்து படமெடுத்து, பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் இரண்டு விலை கேளுங்கள்: வீடாக விற்றால், பிரித்து விற்றால். பிரிக்க மனசு வராது, எனக்கும் வராது. ஆனால் வாங்குபவர் தூண், கதவுகளில் உள்ள பர்மா தேக்குக்காகவே வரலாம். அந்தக் கணக்கு உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று: பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போடாவிட்டால் எந்த மதிப்பும் நிற்காது. முதலில் வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டுவது) எடுங்கள்.